எஸ். எஸ். இராசேந்திரன்

சேடப்பட்டி சூரியநாராயணத் தேவர் இராசேந்திரன் (ஜனவரி 1928 – அக்டோபர் 24, 2014) தமிழ் நாடக, திரைப்பட நடிகர், இயக்குநர், தயாரிப்பாளர், அரசியல்வாதி ஆவார். எஸ். எஸ். ஆர். என்னும் சுருக்கப் பெயராலும் இலட்சிய நடிகர் என்னும் பட்டப் பெயராலும் இவர் பரவலாக அறியப்பட்டார். சிறு வயதிலேயே பாலர் நாடகக் குழுவில் சேர்ந்து மேடையேறிய இவர், 1952 ஆம் ஆண்டில் வெளிவந்த பராசக்தி திரைப்படத்தின் மூலம் புகழ் பெற்றார். 1962 ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலில் தேனி தொகுதியில் வெற்றி பெற்று, இந்தியாவில் மக்களால் சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் திரைப்பட நடிகர் என்ற இடத்தைப் பெற்றார். பின்னர் மாநிலங்களவை உறுப்பினராகவும், ஆண்டிப்பட்டி தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தார்.

பிறப்பும் ஊரும்

இராசேந்திரன் மதுரை மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் உசிலம்பட்டிக்கு அருகிலுள்ள சேடப்பட்டியில் பிறந்தார். இவருடைய பெயரின் முன்னுள்ள இரண்டு எழுத்துகளில் முதலாவது ஊரையும், இரண்டாவது தந்தை சூரியநாராயணத் தேவரையும் குறிக்கின்றன.

சேடப்பட்டியும் உசிலம்பட்டியும் வானம் பார்த்த பூமியாகவே நெடுங்காலம் இருந்தவை. இப்பகுதிக்கு மேற்கே ஆண்டிப்பட்டிக் கணவாயைக் கடந்தால் தேனியும் அதற்கு அப்பால் கம்பம் பள்ளத்தாக்கும் வருகின்றன. 1895 ஆம் ஆண்டில் முல்லைப் பெரியாறு அணை கட்டி முடிக்கப்பட்ட பிறகு கம்பம் பள்ளத்தாக்கு நெல் விளையும் செழிப்பான நிலமாக மாறியது. போடிநாயக்கனூர் ஏலக்காய் வணிகத்தால் வளர்ந்தது. தேனி வாரச் சந்தைக்கும் பஞ்சு, தானிய வணிகத்திற்கும் பெயர் பெற்றது. இராசேந்திரன் பிறந்த அதே 1928 ஆம் ஆண்டில்தான் மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிப்பட்டி, தேனி வழியாகப் போடிநாயக்கனூருக்குத் தொடர்வண்டிப் பாதை திறக்கப்பட்டது. அக்காலத்தில் இவை அனைத்தும் மதுரை மாவட்டத்திற்குள் அடங்கியிருந்தன. தேனி தனி மாவட்டமானது 1996 ஆம் ஆண்டில்தான். ஆகவே சேடப்பட்டிக்காரரான இராசேந்திரனுக்குத் தேனி அயலூர் அன்று. கணவாய்க்கு அந்தப் பக்கம் இருந்த பக்கத்து ஊர்.

பாலர் நாடகக் குழுவில்

இராசேந்திரன் சிறுவனாக இருந்த காலத்தில், நடிப்பைத் தொழிலாகக் கொள்ள விரும்பிய பிள்ளைகளுக்கு இருந்த ஒரே பள்ளி பாலர் நாடகக் குழுவே ஆகும். இவ்வகைக் குழுக்களுக்கு வழிகாட்டியாக அமைந்தவர் சங்கரதாசு சுவாமிகள் (1867 – 1922). வயது வந்த நடிகர்களின் ஒழுங்கின்மையால் நாடகங்கள் கெடுவதைக் கண்ட அவர், சிறுவர்களைக் கொண்டே நாடகம் நடத்தும் முறையைக் கைக்கொண்டார். 1918 ஆம் ஆண்டில் மதுரையில் அவர் அமைத்த தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் பயின்றவர்களே டி. கே. எஸ். சகோதரர்கள். சங்கரன், முத்துசாமி, சண்முகம், பகவதி ஆகிய நால்வரும் 1925 ஆம் ஆண்டில் மதுரை ஸ்ரீ பால சண்முகானந்த சபா என்னும் சொந்தக் குழுவைத் தொடங்கினர்.

பாலர் குழுக்களின் வாழ்க்கை குருகுல முறையைச் சார்ந்தது. ஏழெட்டு வயதுச் சிறுவர்கள் பெற்றோரை விட்டுப் பிரிந்து குழுவுடன் ஊர் ஊராகச் செல்வர். ஓர் ஊரில் கொட்டகை அமைத்துச் சில வாரங்களோ மாதங்களோ தங்கி நாடகங்களை நடத்துவர். விடியற்காலையில் பாட்டும் குரல் பயிற்சியும், பகலில் வசனப் பாடமும் ஒத்திகையும், இரவில் நாடகமும் நடைபெறும். பெண் வேடங்களையும் சிறுவர்களே ஏற்றனர். ஒலிபெருக்கி பரவலாகாத காலமாதலால், கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவருக்கும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கும்படி பேசவேண்டும். வாத்தியார் என அழைக்கப்பட்ட ஆசிரியர் ஒரு சொல்லின் உச்சரிப்புப் பிழைக்காகவும் தண்டனை அளிப்பார்.

இவ்வாழ்க்கையில் சிறுவர்களுக்குப் பெரும் அச்சமாக இருந்தது மகரக்கட்டு எனப்பட்ட குரல் உடையும் பருவம். அதுவரை பாடிக் கைதட்டல் பெற்ற சிறுவன் அப்பருவத்தில் குரலை இழந்தால் முதன்மை வேடங்களையும் இழப்பான். பலர் அத்துடன் மேடையை விட்டு விலகினர். பள்ளிப் படிப்பு இல்லாத நிலையில் அவர்களுக்கு வேறு தொழிலும் எளிதில் அமைவதில்லை. அப்பருவத்தைக் கடந்து வசன நடிப்பால் நிலைத்தவர்களே பிற்காலத்தில் திரைப்படத்திற்கு வந்தனர். எம். ஜி. இராமச்சந்திரன், பி. யு. சின்னப்பா, என். எஸ். கிருஷ்ணன், எம். ஆர். இராதா, சிவாஜி கணேசன் ஆகியோர் அனைவரும் இவ்வாறு சிறு வயதில் நாடகக் குழுக்களில் வளர்ந்தவர்களே.

இராசேந்திரனும் சிறு வயதிலேயே பாலர் நாடகத்தில் நடிக்கத் தொடங்கிப் பின்னர் டி. கே. எஸ். சகோதரர்களின் குழுவில் சேர்ந்தார். இக்குழு புராண நாடகங்களோடு குமாஸ்தாவின் பெண் போன்ற சமூக நாடகங்களையும், ஒளவையார் போன்ற இலக்கியச் சார்புள்ள நாடகங்களையும் நடத்தியது. ஒளவையார் நாடகத்தில் முதிய பெண்மணியாக நடித்த டி. கே. சண்முகம் அந்நாடகத்தால் ஒளவை சண்முகம் என்றே அழைக்கப்பட்டார். தூய தமிழ் வசனத்தைத் திருத்தமாகப் பேசும் பழக்கம் இக்குழுவின் அடையாளமாக இருந்தது. பின்னாளில் இராசேந்திரனின் நடிப்பில் அனைவரும் சுட்டிக்காட்டிய தெளிவான உச்சரிப்பு இங்கு பெற்ற பயிற்சியின் விளைவாகும்.

1944 ஆம் ஆண்டில் ஈரோட்டில் டி. கே. எஸ். சகோதரர்கள் தமிழ் நாடகக் கலை வளர்ச்சிக்கான மாநாடு ஒன்றைக் கூட்டினர். அக்காலத்தில் ஈரோடு பெரியார் ஈ. வெ. இராமசாமியின் இயக்கத்திற்கு மையமாக இருந்தது. நாடகத்தைக் கருத்துப் பரப்பும் கருவியாகக் கா. ந. அண்ணாதுரை கையாளத் தொடங்கியதும் இதே ஆண்டுகளில்தான். இச்சூழலில் வளர்ந்த இளம் நடிகர்களில் சிலர் திராவிட இயக்கத்தின்பால் ஈர்க்கப்பட்டனர். டி. கே. எஸ். குழுவில் முன்னர் நடித்த கே. ஆர். இராமசாமி அவர்களில் மூத்தவர். இராசேந்திரனும் அவ்வழியே இயக்கத்திற்கு வந்தார்.

திரைப்படத்தில் நுழைவு

இராசேந்திரனுக்கு அடையாளத்தை அளித்த படம் பராசக்தி. மு. கருணாநிதியின் வசனத்தில், கிருஷ்ணன்–பஞ்சு இரட்டையர் இயக்கிய இப்படம் 1952 ஆம் ஆண்டு அக்டோபர் 17 ஆம் நாள் தீபாவளியன்று வெளியானது. இரங்கூனில் வாழும் மூன்று சகோதரர்கள், மதுரையில் வாழும் தங்கை ஆகியோர் போரினால் சிதறிப் போவதே இதன் கதை. மூத்தவர் சந்திரசேகரனாக எஸ். வி. சகஸ்ரநாமமும், இளையவர் குணசேகரனாகச் சிவாஜி கணேசனும், நடுச் சகோதரர் ஞானசேகரனாக இராசேந்திரனும் நடித்தனர். ஞானசேகரன் ஒரு காலை இழந்து பிச்சைக்காரனாகி, பிச்சைக்காரர்களை ஒன்றுதிரட்டுபவனாக மாறும் பாத்திரம். சிவாஜி கணேசனுக்கு இது முதற் படம். அவருடைய நீதிமன்றக் காட்சியே மிகவும் பேசப்பட்டதெனினும், ஞானசேகரன் பாத்திரமும் மக்கள் மனத்தில் பதிந்தது.

அதே ஆண்டின் இறுதியில் என். எஸ். கிருஷ்ணன் இயக்கிய பணம் வெளிவந்தது. 1954 ஆம் ஆண்டில் மனோகரா படத்தில் நாயகனின் நண்பன் இராசப்பிரியனாக நடித்தார். அதே ஆண்டில் ஏ. பீம்சிங் இயக்கிய அம்மையப்பன் படத்தில் நாயகனானார். அண்ணாதுரையின் கதையைத் தழுவி 1956 ஆம் ஆண்டில் வெளிவந்த ரங்கோன் ராதாவில் சிவாஜி கணேசன், பானுமதி ஆகியோருடன் நடித்தார்.

கதாநாயகனாக

1957 ஆம் ஆண்டில் வெளியான முதலாளி இராசேந்திரனைத் தனித்து நிற்கும் கதாநாயகனாக உயர்த்தியது. எம். ஏ. வேணு தயாரித்த இப்படமே முக்தா சீனிவாசன் இயக்கிய முதற் படம். நடிகை தேவிகாவும் இதில்தான் நாயகியாக அறிமுகமானார். முதலாளி தன் தொழிற்சாலையில் தானே தொழிலாளியாகச் சேரும் கதையைக் கொண்ட இப்படம் பெரும் பொருட்செலவின்றி எடுக்கப்பட்டு வெற்றி பெற்றது. தமிழ்ப் படத்திற்கான தேசிய அளவிலான சிறப்பும் இதற்குக் கிடைத்தது.

அடுத்த ஆண்டில் ஏ. கே. வேலன் இயக்கிய தை பிறந்தால் வழி பிறக்கும் வெளிவந்தது. குறைந்த செலவில் எடுக்கப்பட்ட இந்தக் கிராமியப் படம் அடைந்த வெற்றி திரையுலகில் வியப்புடன் பேசப்பட்டது. அதில் கிடைத்த வருவாயைக் கொண்டே வேலன் சென்னையில் அருணாசலம் படப்பிடிப்பு நிலையத்தை அமைத்தார்.

1959 ஆம் ஆண்டு மே மாதத்தில், சில நாட்கள் இடைவெளியில் இரண்டு வரலாற்றுப் படங்கள் போட்டியிட்டன. ஒன்று சிவாஜி கணேசன் நடித்த வண்ணப் படமான வீரபாண்டிய கட்டபொம்மன். மற்றொன்று மருது சகோதரர்களின் போராட்டத்தைக் கூறும் சிவகங்கைச் சீமை. பின்னதைக் கவிஞர் கண்ணதாசன் தயாரித்தார். இராசேந்திரன் முத்தழகு என்னும் வீரனாக நடித்தார். கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்ட சிவகங்கைச் சீமை கட்டபொம்மனின் வெற்றிக்கு ஈடு கொடுக்க இயலவில்லை. எனினும் அதன் பாடல்களும் தென்பாண்டி நாட்டுப் பின்னணியும் இன்றும் நினைவு கூரப்படுகின்றன.

1960களின் முற்பகுதி இராசேந்திரனின் திரைவாழ்வில் உச்ச காலமாகும். இக்காலத்தில் இவருடன் மிகுதியாக இணைந்து நடித்தவர் சி. ஆர். விஜயகுமாரி. குலதெய்வம் (1956) படத்தின் வழியாகத் திரைக்கு வந்த விஜயகுமாரியை இராசேந்திரன் மணந்தார்; பின்னர் இருவரும் பிரிந்தனர். குமுதம் (1961), சாரதா (1962), நானும் ஒரு பெண் (1963), பூம்புகார் (1964) ஆகியவை இந்த இணையின் குறிப்பிடத்தக்க படங்கள்.

இவற்றுள் சாரதாவும் நானும் ஒரு பெண்ணும் தனியே நோக்கத்தக்கவை. கே. எஸ். கோபாலகிருஷ்ணன் முதன்முதலாக இயக்கிய சாரதா, உடல்நிலையால் இல்லற வாழ்வுக்கு இயலாதவனாகிவிட்ட கணவன், தன் மனைவியின் மறுமணத்தைக் கருதுவதைப் பற்றியது. நானும் ஒரு பெண், கறுப்பு நிறத்தாலும் கல்வியின்மையாலும் இழிவுபடுத்தப்படும் மனைவியின் கதை. இரண்டு படங்களிலும் கதையின் மையம் பெண் பாத்திரமே. நாயகன் சண்டையிட்டு வெல்பவனாக இல்லாமல், இயலாமையும் தயக்கமும் உடையவனாக இருக்கிறான். முன்னணி நாயகர்கள் ஏற்கத் தயங்கும் இத்தகைய பாத்திரங்களை இராசேந்திரன் ஏற்றார்.

சிவாஜி கணேசனுடன் தெய்வப்பிறவி (1960), ஆலயமணி (1962), பச்சை விளக்கு, கை கொடுத்த தெய்வம் (இரண்டும் 1964), பழனி (1965) முதலிய படங்களிலும், எம். ஜி. இராமச்சந்திரனுடன் இராஜா தேசிங்கு (1960), காஞ்சித் தலைவன் (1963) ஆகிய படங்களிலும் நடித்தார். தனி நாயகனாக இருந்த காலத்திலேயே பிற நாயகர்களின் படங்களில் இரண்டாம் இடத்தை ஏற்றுக்கொண்டவர் இவர்.

இலட்சிய நடிகர்

இராசேந்திரனுக்கு இலட்சிய நடிகர் என்னும் பெயர் நிலைத்ததற்குக் காரணம் அவருடைய ஒரு முடிவு ஆகும். பகுத்தறிவுக் கொள்கையை ஏற்றுக்கொண்ட இவர், நாயகனாக உயர்ந்த பின் புராணப் படங்களில் நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார்.

இம்முடிவின் கனத்தை உணர அக்காலத் திரையுலகை அறிதல் வேண்டும். தமிழ்த் திரைப்படம் புராண நாடகங்களின் மீதே எழுந்தது. தொடக்க காலப் பேசும் படங்களில் பெரும்பாலானவை சங்கரதாசு சுவாமிகள் மரபில் வந்த மேடை நாடகங்களின் பதிவுகளே. பாலர் குழுவில் வளர்ந்த ஒரு நடிகருக்கு மிகவும் பழகிய துறை புராணமே. அதாவது, எந்த மேடை இராசேந்திரனுக்குப் பேசக் கற்றுக் கொடுத்ததோ, அந்த மேடையின் முதன்மையான கதைகளையே அவர் கைவிட வேண்டியிருந்தது.

டி. கே. எஸ். குழுவில் சிறுவனாகப் பயின்ற மற்றொருவர் ஏ. பி. நாகராஜன். அவர் எதிர்த் திசையில் சென்றார். 1965 ஆம் ஆண்டில் அவர் இயக்கிய திருவிளையாடல் பெரும் வெற்றி பெற்றது. அதைத் தொடர்ந்து சரஸ்வதி சபதம் (1966), திருவருட்செல்வர் (1967), திருமால் பெருமை (1968) எனப் பக்திப் படங்கள் அணிவகுத்தன. முன்பு திராவிட இயக்க நாடகங்களிலும் பராசக்தியிலும் நடித்த சிவாஜி கணேசன் இப்படங்களின் நாயகனாக விளங்கினார். தி. மு. க. அரசியலில் வலுவடைந்து ஆட்சியைப் பிடித்த அதே ஆண்டுகளில், திரையரங்குகளில் பக்திப் படங்களுக்குக் கூட்டம் நிறைந்தது என்பது கவனிக்கத்தக்கது. இந்த அலையில் இராசேந்திரன் பங்கேற்கவில்லை. அவ்வாண்டுகளில் இவருக்குக் கிடைத்த வாய்ப்புகள் குறைந்து வந்தன. ஆயினும் தம் முடிவை இவர் மாற்றிக்கொள்ளவில்லை.

பூம்புகார்

இராசேந்திரனின் கொள்கைக்கும் கலைக்கும் பொருந்திவந்த படம் பூம்புகார் எனலாம். சிலப்பதிகாரக் கதையை மு. கருணாநிதி திரைக்கதையாக்க, ப. நீலகண்டன் இயக்கினார். 1964 ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளியான இப்படத்தில் கோவலனாக இராசேந்திரனும், கண்ணகியாக விஜயகுமாரியும், மாதவியாக இராஜஸ்ரீயும் நடித்தனர். சமணத் துறவி கவுந்தியடிகளாக கே. பி. சுந்தராம்பாள் நடித்தார்.

கடவுளரின் திருவிளையாடலாக அமையாமல், அரச நீதிக்கும் தனிமனிதருக்கும் இடையிலான வழக்காக இக்கதை எடுத்துக்கொள்ளப்பட்டதால், பழங்கதையில் நடிப்பதற்கு இராசேந்திரனுக்குத் தடையேதும் இருக்கவில்லை. முருக பக்திக்குப் பெயர் பெற்ற சுந்தராம்பாளும், புராணப் படங்களை மறுத்த இராசேந்திரனும் ஒரே படத்தில் நடித்தது இப்படத்தின் சிறப்புகளில் ஒன்று. இருவருமே சிறு வயதில் மேடையேறியவர்கள். இருவருமே பின்னர் சட்டமன்ற அவைகளில் இடம் பெற்றவர்கள்.

நாடக மன்றமும் தயாரிப்பும்

திரைப்படத்தில் புகழ் பெற்ற பின்னரும் இராசேந்திரன் மேடையை விடவில்லை. எஸ். எஸ். ஆர். நாடக மன்றம் என்னும் பெயரில் சொந்தக் குழுவை நடத்தினார். மு. கருணாநிதி எழுதிய மணிமகுடம் இக்குழுவின் புகழ் பெற்ற நாடகம். தென்பாண்டி வீரன், புதுவெள்ளம் ஆகியவையும் மேடையேறின. பிற்காலத்தில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட படங்களில் நடித்த மனோரமா, திரைப்படத்திற்கு வருமுன் இம்மன்றத்தின் நாடகங்களில் நடித்துப் பெயர் பெற்றார். மலையாளத் திரையுலகில் முன்னணி நடிகையாக விளங்கிய ஷீலாவும் இம்மன்றத்தின் மேடையிலிருந்து வந்தவரே. சிறுவனாக ஒரு குழுவில் வளர்க்கப்பட்டவர், பின்னர் பிறரை வளர்க்கும் குழுவை நடத்தினார்.

தங்கரத்தினம் (1960), அல்லி (1964), மணிமகுடம் (1966) ஆகிய படங்களை இராசேந்திரன் இயக்கினார். மேடை நாடகத்தைத் தழுவிய மணிமகுடம் படத்தில் இவருடன் விஜயகுமாரியும் ஜெ. ஜெயலலிதாவும் நடித்தனர்.

தேனியில் வெற்றி

1949 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட திராவிட முன்னேற்றக் கழகம் 1957 ஆம் ஆண்டில் முதன்முதலாகத் தேர்தலில் போட்டியிட்டு 15 இடங்களைப் பெற்றது. 1962 ஆம் ஆண்டுத் தேர்தலில், 206 இடங்களைக் கொண்ட சென்னை மாநிலச் சட்டமன்றத்தில் அக்கட்சி 50 இடங்களை வென்று முதன்மை எதிர்க்கட்சியாகியது. அந்த 50 பேரில் ஒருவர் தேனி தொகுதியில் வெற்றி பெற்ற இராசேந்திரன்.

இவ்வெற்றியைப் பல காரணங்களால் முக்கியமானதாகக் கருதலாம். அத்தேர்தலில் காஞ்சிபுரத்தில் கட்சித் தலைவர் அண்ணாதுரையே தோல்வியுற்றார். காமராசர் முதலமைச்சராக இருந்த காலமாதலால் தென் மாவட்டங்களில் காங்கிரசு வலுவாக இருந்தது. முந்தைய பத்தாண்டுகளில் இப்பகுதியில் வைகை அணை (1959) உட்படக் கண்கூடான பணிகள் நடைபெற்றிருந்தன. அத்தகைய சூழலில் சென்னையிலிருந்து வந்த ஒரு நடிகர், அதுவும் எதிர்க்கட்சி வேட்பாளராக, வெல்வது எளிதன்று. கணவாய்க்கு அருகே பிறந்த மண்ணின் மைந்தர் என்பதும், டூரிங் கொட்டகைகளின் வழியே கிராமங்களில் அறிமுகமான முகம் என்பதும், மேடையில் தெளிவாகப் பேசும் ஆற்றலும் இவருக்குத் துணை நின்றன.

திரைத் துறையினர் சட்டமன்ற அவைகளில் இடம் பெற்றது இதுவே முதன்முறை அன்று. கே. பி. சுந்தராம்பாள் 1958 ஆம் ஆண்டிலேயே சென்னை மாநிலச் சட்ட மேலவைக்கு நியமிக்கப்பட்டார். ஆனால் அது நியமனம். வாக்காளர்களைச் சந்தித்துப் பெற்ற வெற்றி இராசேந்திரனுடையது. எம். ஜி. இராமச்சந்திரன் சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது 1967 ஆம் ஆண்டில் பரங்கிமலையிலிருந்து. ஆந்திராவில் என். டி. இராமராவ் ஆட்சிக்கு வந்தது 1983 ஆம் ஆண்டில்.

அமெரிக்காவிலும் ஏறத்தாழ இதே காலத்தில் நடிகர்கள் அரசியலில் நுழைந்தனர். நடிகர் ஜார்ஜ் மர்பி 1964 ஆம் ஆண்டில் செனட் சபைக்கும், திரைப்படத்திலும் தொலைக்காட்சியிலும் நடித்த ரொனால்டு ரேகன் 1966 ஆம் ஆண்டில் கலிபோர்னியா மாநில ஆளுநர் பதவிக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். தேனி வாக்காளர்கள் அவர்களுக்கு முன்பே ஒரு நடிகரைத் தேர்ந்தெடுத்திருந்தனர்.

மாநிலங்களவையும் ஆண்டிப்பட்டியும்

1970 ஆம் ஆண்டில் தி. மு. க. சார்பில் மாநிலங்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட இராசேந்திரன் 1976 ஆம் ஆண்டு வரை அவ்வவையில் பணியாற்றினார். இதற்கிடையில் 1972 ஆம் ஆண்டில் எம். ஜி. இராமச்சந்திரன் தி. மு. க.விலிருந்து விலக்கப்பட்டு அண்ணா திராவிட முன்னேற்றக் கழகத்தைத் தொடங்கினார். பின்னர் இராசேந்திரனும் அக்கட்சியில் இணைந்தார்.

1980 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எம். ஜி. இராமச்சந்திரனின் அரசு கலைக்கப்பட்டு மீண்டும் தேர்தல் நடந்தது. அத்தேர்தலில் ஆண்டிப்பட்டி தொகுதியில் அ. தி. மு. க. வேட்பாளராக நின்று இராசேந்திரன் வென்றார். தேனியில் வென்று பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின், அடுத்திருந்த தொகுதியில், வேறு கட்சியின் சார்பில் கிடைத்த வெற்றி இது.

கம்பம் பள்ளத்தாக்கும் திரையுலக வேட்பாளர்களும்

இராசேந்திரனுக்குப் பின் தேனி வட்டாரம் திரையுலகிலிருந்து வந்த தலைவர்கள் போட்டியிடும் களமாகவே மாறியது. 1984 ஆம் ஆண்டில் நியூயார்க் நகரின் புரூக்ளின் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்த எம். ஜி. இராமச்சந்திரன், இராசேந்திரன் வென்றிருந்த ஆண்டிப்பட்டியிலேயே போட்டியிட்டு, தொகுதிக்கு வராமலேயே வெற்றி பெற்றார். ஜெ. ஜெயலலிதா 1989 ஆம் ஆண்டில் போடிநாயக்கனூரிலும், 2002 ஆம் ஆண்டு இடைத்தேர்தலிலும் 2006 ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலிலும் ஆண்டிப்பட்டியிலும் வென்றார். மணிமகுடம் படத்தில் இயக்குநராக இருந்தவரும், அதில் நடித்தவரும் வெவ்வேறு காலங்களில் ஒரே தொகுதியின் உறுப்பினர்களாயினர்.

இவர்களுள் இவ்வட்டாரத்தின் அருகில் பிறந்தவர் இராசேந்திரன் ஒருவரே. மற்ற இருவரும் வெளியிலிருந்து வந்து பாதுகாப்பான தொகுதியாக இதைத் தேர்ந்தெடுத்தவர்கள். இராசேந்திரன் வென்ற தேனி தொகுதி 2008 ஆம் ஆண்டுத் தொகுதி மறுசீரமைப்பில் நீக்கப்பட்டது. அதன் பின் தேனி மாவட்டத்தில் ஆண்டிப்பட்டி, பெரியகுளம், போடிநாயக்கனூர், கம்பம் ஆகிய நான்கு தொகுதிகள் உள்ளன.

ஓர் ஒப்பீடு

இராசேந்திரன் பிறந்த 1928 ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் பிறந்தவர் புகழ் பெற்ற குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிள். அவரும் சிறு வயதில் நடிக்கத் தொடங்கி, பின்னர் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை நடத்தி, 1967 ஆம் ஆண்டில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்குப் போட்டியிட்டுத் தோற்றார். பின்னாளில் கானா, செக்கோசிலோவாக்கியா நாடுகளில் அமெரிக்கத் தூதராகப் பணியாற்றினார். அவர் மறைந்ததும் 2014 ஆம் ஆண்டிலேயே. ஷெர்லி டெம்பிள் தம் இருபத்திரண்டு வயதிற்குள் திரைப்படத்திலிருந்து விலகினார். இராசேந்திரன் பராசக்தியில் நடித்தபோது அவருக்கு வயது இருபத்து நான்கு. அமெரிக்கக் குழந்தை நட்சத்திரங்கள் பலருக்கு வளர்ந்த பின் வாய்ப்பில்லாமல் போனது. பாலர் நாடகக் குழுவோ குழந்தைத் தோற்றத்தை நம்பாமல் தொழிலைக் கற்பித்ததால், அங்கு நிலைத்தவர்களுக்கு வயது தடையாகவில்லை. அதே நேரத்தில், இடையில் குரலை இழந்து வெளியேறிய எண்ணற்ற சிறுவர்களின் பெயர்கள் எங்கும் பதியப்படவில்லை என்பதையும் மறத்தற்கில்லை.

இறுதிக் காலம்

திரைப்படங்களிலிருந்தும் அரசியலிலிருந்தும் படிப்படியாக விலகிய இராசேந்திரன் சென்னையில் வாழ்ந்து வந்தார். தம் வாழ்க்கை வரலாற்றை நான் வந்த பாதை என்னும் நூலாக எழுதினார். நாடகக் குழுக்களின் அன்றாட வாழ்வையும் திராவிட இயக்கத் திரைப்படங்களின் தொடக்க காலத்தையும் அறிய விரும்புவோருக்கு இந்நூல் பயன்படும். சுவாசக் கோளாறு காரணமாக மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அவர், 2014 ஆம் ஆண்டு அக்டோபர் 24 ஆம் நாள் தம் 86 ஆம் வயதில் சென்னையில் காலமானார்.

குறிப்பிடத்தக்க திரைப்படங்கள்

1952 – பராசக்தி, பணம்
1954 – மனோகரா, அம்மையப்பன்
1956 – இராஜா ராணி, குலதெய்வம், ரங்கோன் ராதா
1957 – முதலாளி
1958 – தை பிறந்தால் வழி பிறக்கும்
1959 – சிவகங்கைச் சீமை
1960 – தெய்வப்பிறவி, இராஜா தேசிங்கு, தங்கரத்தினம் (இயக்கமும்)
1961 – குமுதம்
1962 – சாரதா, ஆலயமணி
1963 – நானும் ஒரு பெண், காஞ்சித் தலைவன்
1964 – பச்சை விளக்கு, கை கொடுத்த தெய்வம், பூம்புகார், அல்லி (இயக்கமும்)
1965 – பழனி
1966 – மணிமகுடம் (இயக்கமும்), மறக்க முடியுமா

வகித்த பதவிகள்

1962 – சட்டமன்ற உறுப்பினர், தேனி தொகுதி (தி. மு. க.)
1970 முதல் 1976 வரை – மாநிலங்களவை உறுப்பினர் (தி. மு. க.)
1980 – சட்டமன்ற உறுப்பினர், ஆண்டிப்பட்டி தொகுதி (அ. தி. மு. க.)